கழலாத போல்ட்: அறிகுறி பார்த்துக் கழற்றும் முறை

போல்ட் கழலவில்லை என்றதும் இன்னும் நீளமான பைப்பைத் தேடிப் போவதுதான் பாதி போல்ட்டுகள் முறிவதற்குக் காரணம். கழலாமல் இருக்க நாலைந்து காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றும் கைக்கு வேறு மாதிரி தெரியும். ஸ்பானரைப் பிடித்திருக்கும் கை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்குரிய தலைப்புக்குப் போங்கள்.

காரின் வரலாறும் கொஞ்சம் உதவும். தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி, தெலுக் கும்பார் என்று பினாங்கின் கடலோரத்தில் இரவெல்லாம் நிற்கும் கார்களில், உப்புக்காற்று அடிப்பாகத்துப் போல்ட்டுகளைத் தின்றிருக்கும். கோலாலம்பூர் கார்களில் துருவைவிட, டயர் கடை ஏர் கன்னால் அளவு மீறி இறுக்கிய நட்டுகளே அதிகம் தொல்லை தரும். பழைய கார் வாங்கியவர்கள் சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். அங்கே துரு தடித்திருந்தால், 2017 நவம்பரில் பினாங்கையோ 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கையோ மூழ்கடித்தது போன்ற ஒரு வெள்ளத்தில் அந்தக் கார் நின்றிருக்கலாம். அப்படிப்பட்ட காரில் எந்தப் போல்ட்டையும் எண்ணெய் விடாமல் தொடாதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

வீட்டுப் போர்ச் பெரும்பாலும் சாலைப் பக்கம் சரிந்திருக்கும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜேக் தூக்குவதற்கு மட்டும்தான். காரைத் தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். நீளமான கம்பியைப் போட்டு இழுக்கும்போதுதான் கார் ஸ்டாண்டிலிருந்து சரியும். அதனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கத்தை டயர் தரையில் இருக்கும்போதே உடைத்துவிடுங்கள். கண்ணாடி போடாமல் காருக்கு அடியில் படுக்காதீர்கள். துருத்தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

சாக்கெட் ஆறுமுனையாக இருக்கட்டும். பன்னிரண்டு முனைச் சாக்கெட் போல்ட்டின் மூலையை மட்டும் பிடிப்பதால் எளிதில் வழுக்கும். 14 மி.மீ. தலையில் 9/16 இஞ்ச் சாக்கெட்டும் நுழையும், ஆனால் அது 14.3 மி.மீ.; அந்தச் சிறு இடைவெளியே தலையை உருட்டப் போதும்.

பெரோடுவா, டொயோட்டா, ஹோண்டா, மிட்சுபிஷி வழிவந்த பழைய புரோட்டோன் ஆகியவற்றில் தலையின் அளவைப் பார்த்தே போல்ட்டின் பருமனைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். 10 மி.மீ. தலை என்றால் எம்6 (6 மி.மீ. பருமன்), 12 என்றால் எம்8, 14 என்றால் எம்10, 17 என்றால் எம்12. தலையில் 8.8 என்று (போல்ட்டின் வலுவைக் காட்டும் எண்) பொறித்த சாதாரண போல்ட்டை எம்6-க்கு 10, எம்8-க்கு 25, எம்10-க்கு 50, எம்12-க்கு 85 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை இறுக்குவது வழக்கம். 600 மி.மீ. கம்பியின் நுனியில் 40 கிலோ எடையைச் சாய்த்தால் ஏறக்குறைய 235 நியூட்டன் மீட்டர் வரும். எம்6 போல்ட்டுக்கு அந்தக் கம்பியை எடுக்கவே கூடாது என்பது இதிலிருந்தே தெரியும். சிறிய போல்ட்டுக்குச் சிறிய கைப்பிடி, நிறையப் பொறுமை.

எண்ணெய் விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 முதலில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. லேசான துருவுக்குப் போதும், பழைய துருவுக்குள் ஊடுருவ அது பலவீனம். துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய் என்று தனியாக எழுதிய டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். ஆட்டோ கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்தாலும் நன்றாக வேலை செய்யும். இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும்.

எண்ணெய் விடுவதற்கு முன் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துவிடுங்கள். துருக்கட்டியின் மேல் எண்ணெய் ஊற்றினால் உள்ளே இறங்காது. கால் மணி நேர இடைவெளியில் மூன்று முறை, துரு மோசமாக இருந்தால் ராத்திரி முழுவதும். இதனால்தான் இந்த வேலையை வெள்ளிக்கிழமை மாலை எண்ணெய் விட்டு, சனிக்கிழமை காலை தொடங்க வேண்டும். முறிந்தால் சனிக்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருக்கும். ஞாயிறு மதியம் தொடங்கினால் திங்கட்கிழமை வேலைக்குக் கார் இருக்காது.

அறிகுறி 1: முழு பலம் கொடுத்தும் அசையவில்லை, தலை நன்றாக இருக்கிறது

முதலில் திசை. காருக்கு அடியில் மல்லாந்து படுத்தால் இடம் வலம் குழம்பும். போல்ட்டின் தலையை நேராகப் பார்ப்பதுபோல் நினைத்துக்கொண்டு கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்புங்கள். பின்பக்க நட்டில் ஸ்பானர் போடும்போது நட்டைப் பார்க்கும் பக்கத்திலிருந்து கணக்கிடுங்கள். சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் இறுகும் பக்கம் இழுத்து முறித்த போல்ட்டுகள் ஏராளம்.

அடுத்து, வேறு ஏதாவது பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பால் ஜாயின்ட் நட்டில் குறுக்கே ஊசி இருக்கலாம். ஆக்சில் நட்டின் விளிம்பைத் தட்டிக் காடிக்குள் மடித்திருக்கலாம். மரையில் சிவப்புப் பசை தெரிந்தால் அது பூட்டுப் பசை. எண்ணெய்க்கு மசியாது, சுமார் 250 டிகிரி சூடு வேண்டும். நீல நிறம் என்றால் சாதாரண ஸ்பானருக்கே விட்டுக்கொடுக்கும்.

இவை எதுவும் இல்லை என்றால் தட்டுங்கள். தடித்த இரும்புக் கம்பியைப் போல்ட் தலையின் நடுவில் நிறுத்தி, சுத்தியலால் பத்துப் பதினைந்து முறை நேராக அடியுங்கள். மரைகளுக்கு நடுவே உறைந்த துரு உடைந்து எண்ணெய் இறங்க வழி கிடைக்கும். அதன் பிறகு ஒரு மயிரிழை இறுக்கிப் பாருங்கள். பல நேரம் இறுக்கும் பக்கம்தான் முதலில் அசையும். அசைந்துவிட்டால் அறிகுறி 2-க்குப் போங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் சூடு. சமையல் அடுப்புக்குப் போடும் பியூட்டேன் குப்பியில் மாட்டும் டார்ச் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். எண்ணெயை முழுவதும் துடைத்து, ஸ்பிரே டப்பாக்களைத் தூரத்தில் வைத்துவிட்டு, போல்ட்டைச் சுடாமல் அதைச் சுற்றியுள்ள நட்டையோ தாங்கியையோ இரண்டு மூன்று நிமிடம் சுடுங்கள். வெளியே உள்ளது விரிந்தால்தான் பிடி தளரும். சூடாக இருக்கும்போதே ஸ்பானர் போடுங்கள். வரவில்லையா? கொஞ்சம் ஆறியதும் மெழுகுவத்தியை மரையின் வாயில் தொட்டு வையுங்கள். உருகிய மெழுகு உள்ளே இழுபட்டுப் போகும். சூட்டில் எண்ணெய் ஸ்பிரே அடித்தால் தீதான் பிடிக்கும்.

சூடு கூடாத இடங்கள்: அப்சார்பரின் உடல் (உள்ளே அழுத்த வாயு இருக்கிறது), பிரேக் ரப்பர் ஹோஸ், பெட்ரோல் டாங்கும் அதன் குழாய்களும், ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதுவும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தையும் சுடாதீர்கள்; சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். இந்த இடங்களில் எண்ணெயும் தட்டலும் பலிக்காவிட்டால் போமனிடம் (மெக்கானிக்கிடம்) போய்விடுவதே சரி.

சக்கர நட்டு மட்டும் அசையவில்லை என்றால்

இங்கே துரு குறைவு, ஏர் கன்தான் அதிகம். பெரும்பாலான பெரோடுவா, டொயோட்டா கார்களுக்கு 21 மி.மீ. சாக்கெட், ஹோண்டாவுக்கு 19. இறுக்க வேண்டிய அளவு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் கார் கையேட்டில் சரியான எண் இருக்கும். காரோடு வரும் குட்டைக் கைப்பிடியை மிதித்து ஏறிக் குதிக்காதீர்கள். அது வழுக்கினால் தலையும் போகும், முழங்காலும் போகும். 600 மி.மீ. கம்பி, டயர் தரையில், காலை ஊன்றி மெதுவாக எடையைச் சாய்ப்பது. அதிலும் அசையாவிட்டால் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள்.

நட்டோடு ஸ்டட்டும் (நட்டு ஏறும் மரைக்கம்பி) சேர்ந்து சுற்றினால், ஹப்புக்குள் அதன் பிடிப்பற்கள் தேய்ந்துவிட்டன. இனி எந்த சாக்கெட்டும் உதவாது. நட்டைப் பிளக்க வேண்டும், ஸ்டட்டை மாற்ற வேண்டும். பின்சக்கர டிரம்மில் வீட்டிலேயே மாற்றலாம். முன்சக்கரத்தில் சில மாடல்களுக்கு ஹப்பையே கழற்ற வேண்டிவரும், அது ஒர்க்‌ஷாப் வேலை.

அறிகுறி 2: கொஞ்சம் திரும்பியது, பிறகு மறுபடி இறுகுகிறது

நல்ல அறிகுறி இது. பலர் கெடுப்பதும் இங்கேதான். போல்ட் வர ஆரம்பித்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இழுத்துக்கொண்டே போனால், துருத்தூள் மரைக்குள் ஆப்புபோல் அடைத்து, பாதியில் முறியும்.

அரைச் சுற்று வெளியே, இறுகியதும் கால் சுற்று உள்ளே, எண்ணெய், மறுபடி வெளியே. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக வரும். போல்ட்டின் மறுமுனை வெளியே நீண்டிருந்தால் அந்த மரையை முதலில் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். அந்த அழுக்கு மரை முழுவதும் நட்டுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். போல்ட் தொட முடியாத அளவுக்குச் சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள். எட்டு போல்ட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அது நஷ்டமில்லை.

ஸ்பார்க் பிளக் இப்படி இறுகினால் இன்னும் கவனம். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட் சூட்டில் மென்மையாகி, பிளக் தன் மரையையும் பிடுங்கிக்கொண்டு வரும். இறுக்கம் தெரிந்ததும் திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் ஊற்றி, ராத்திரி விட்டுவிடுங்கள். ஆக்சிஜன் சென்சாருக்கு நேர்மாறு. எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்போது, ஒயருக்கு வெட்டுவாய் உள்ள 22 மி.மீ. சாக்கெட்டைப் போட்டுக் கழற்றுங்கள்.

அறிகுறி 3: ஸ்பிரிங்போல் திரும்பி, விட்டதும் பழைய இடத்துக்கே வருகிறது

இதில் இரண்டு காரணங்கள். ஒன்று தொல்லை, மற்றது ஆபத்து. பிரித்தறிய ஒரு பெயின்ட் பேனா போதும். போல்ட்டின் தலையிலும் மறுமுனையிலும் ஒரே நேர்க்கோட்டில் குறி போட்டுவிட்டுத் திருப்புங்கள்.

தலை திரும்பியும் மறுமுனை அசையவில்லை என்றால், போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். இன்னும் கால் சுற்றில் முறியும். எண்ணெய், தட்டல், சூடு என்று அறிகுறி 1-ஐ முதலிலிருந்து தொடங்குங்கள். கழன்று வந்தாலும் அந்தப் போல்ட்டை மறுபடி போடாதீர்கள்.

இரண்டு முனையும் சேர்ந்து திரும்பினால் லோவர் ஆர்ம், அப்சார்பர் கீழ்ப்பக்கம் போன்ற புஷ் (ரப்பர் சுற்றிய குழாய்) உள்ள இடங்களில் நடப்பது இது: நட்டு கழன்றிருக்கும், ஆனால் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிக்கொண்டு, ரப்பரை முறுக்குகிறது. நட்டின் பக்கத்திலிருந்து அடித்து வெளியேற்றப் பாருங்கள். மரை நசுங்காமலிருக்க, நட்டை போல்ட்டின் நுனிக்குச் சமமாக விட்டு அதன் மேல் அடியுங்கள். இருபது முப்பது அடிக்கும் நகராவிட்டால் புஷ்ஷின் இரு பக்கமும் போல்ட்டை அறுத்தெடுக்க வேண்டும். புதிய ஆர்ம், புதிய போல்ட் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் அறுக்கத் தொடங்க வேண்டும். அறுக்கும் இடம் குறுகலாக இருந்தாலோ பக்கத்தில் பிரேக் பைப் ஓடினாலோ, கேஸ் வெட்டும் வசதி உள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

அறிகுறி 4: சுற்றிக்கொண்டே இருக்கிறது, கழலவில்லை

ஸ்டெபிலைசர் லிங்க் என்றால் பயமில்லை. உள்ளே உள்ள உருண்டை நட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. ஸ்டட்டின் நுனியில் ஆலன் சாவிக்கு ஒரு குழி இருக்கும். அழுக்கை ஊசியால் நோண்டி எடுத்து, ஆலன் சாவியால் பிடித்துக்கொண்டு, வளையச் ஸ்பானரால் நட்டைத் திருப்புங்கள். குழி உருண்டுவிட்டால், லிங்க் எப்படியும் மாற்றப்போவதுதான், நட்டை கிரைண்டரால் வெட்டிவிடுங்கள். தீப்பொறி பிரேக் ஹோஸ் மேல் விழாமல் ஈரத்துணி போர்த்துங்கள்.

பால் ஜாயின்ட், டை ராட் முனை சுற்றினால், ஆர்மை அடியிலிருந்து ஜேக்கால் கொஞ்சம் அழுத்துங்கள். கூம்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும், நட்டு தனியே திரும்பும்.

சேசிக்குள் வெல்டிங் செய்து வைத்த நட்டு பிய்ந்து உள்ளேயே சுற்றுவதுதான் இருப்பதில் மோசமானது. ஸ்பானர் நுழைய வழியில்லை. சேசியில் ஓட்டை போட்டுப் பிடிப்பது, நட்டை மறுபடி வெல்டிங் செய்வது எல்லாம் காரின் பலத்தைத் தொடும் வேலை. இதை வீட்டில் முயல வேண்டாம்.

அறிகுறி 5: தலை உருண்டுவிட்டது

முதல் வழுக்கலிலேயே நிறுத்தியவருக்கு வழி எளிது. ஆறுமுனைச் சாக்கெட் கொண்டு, இருக்கும் மூலைகளைப் பிடித்துப் பாருங்கள். பிறகு ஒரு அளவு சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள்; 14 உருண்டிருந்தால் 13. இதற்குப் பழைய சாக்கெட்டையே பயன்படுத்துங்கள், சில நேரம் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதற்கும் வழுக்கினால், உள்ளே சுருள் வெட்டு உள்ள, உருண்ட தலைக்கென்றே செய்த சாக்கெட் செட் ஒன்று வாங்குங்கள். கோலாலம்பூரில் பூடு ஜாலான் பாசார் கடைகளில் நேரில் பார்த்து எடுக்கலாம். எம்8, எம்10 தலைகளுக்கு இது பெரும்பாலும் கைவிடாது. தலையைச் சுற்றி இடம் இருந்தால் வைஸ் கிரிப்பை (பூட்டிக்கொள்ளும் குறடு) நன்றாக இறுக்கிப் பிடித்துத் திருப்பலாம்.

ஆலன் குழி உருண்டிருந்தால் சற்றுப் பெரிய டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட் ஒன்றை அடித்து ஏற்றுங்கள். ஹோண்டா பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் கூட்டல்குறி ஸ்க்ரூவுக்குச் சாதாரண ஸ்க்ரூடிரைவர் போட்டால் உருளாமல் வராது. சுத்தியலால் அடிக்கும்போது தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவரில் 3-ஆம் எண் பிட் போட்டு அடியுங்கள்.

இவை எதற்கும் வராத தலைக்கு, மேலே ஒரு புதிய நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்து திருப்புவதுதான் நிச்சயமான வழி. பிடியும் கிடைக்கும், உள்ளே சூடும் போகும். பிறை, செந்தூல் மாதிரி இடங்களில் இதைச் செய்யும் பட்டறைகள் கிடைக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

அறிகுறி 6: தலை முறிந்துவிட்டது

மீதி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பிடித்திருந்த பாகத்தை எடுத்ததும் ஒரு செ.மீ. தெரிந்தால் வைஸ் கிரிப் போதும். தலை போனதும் இழுவை குறைந்துவிடுவதால், பல நேரம் எதிர்பார்த்ததைவிட எளிதாக வரும். மரை நன்றாக இருந்தால் இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, உள்நட்டைத் திருப்பலாம்.

மட்டத்தோடு முறிந்திருந்தால் டிரில்தான். வேலை முழுவதும் முதல் புள்ளியில் இருக்கிறது. முறிந்த முகத்தை அரத்தால் மட்டமாக்கி, சரியான நடுவில் சென்டர் பஞ்ச் அடியுங்கள். அரை மி.மீ. தள்ளினாலும் கடைசியில் ஹெட்டின் மரையில் போய் முடியும். 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, மெதுவான வேகத்தில், எண்ணெய் விட்டுவிட்டுத் துளையுங்கள். இடதுபக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். துளைக்கும்போதே போல்ட் கழன்று வந்துவிடுவது உண்டு.

துளைக்குள் செலுத்தித் திருப்பி முறிந்த போல்ட்டை எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை நம்பிப் பலர் கெட்டிருக்கிறார்கள். அது மிகக் கடினமான எஃகு, அதனாலேயே வளையாமல் உடையும். சூட்டுக்கும் எண்ணெய்க்கும் அசையாத போல்ட்டை அந்த மெல்லிய துண்டு அசைத்துவிடாது. உள்ளே உடைந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. மின்பொறியால் அரித்தெடுக்கும் மிஷின் ஷாப்புக்குத்தான் போக வேண்டும். ஆகவே டார்ச்சால் சுட்டு ஆறவைத்த பிறகே போடுங்கள், கைக்கு அசையாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு உள்ள வழி, போல்ட் முழுவதையும் துளைத்தெடுத்து மரையை மறுபடி வெட்டுவது. எம்6-க்கு 5.0, எம்8 × 1.25-க்கு (1.25 என்பது மரைகளின் இடைவெளி, மி.மீ.) 6.8, எம்10 × 1.25-க்கு 8.8, எம்12 × 1.25-க்கு 10.8 மி.மீ. பிட். பழைய மரை கெட்டால் ஹெலிகாயில் (புது மரையாகும் கம்பிச் சுருள்) போடலாம். வார்ப்பிரும்பில் இதை வீட்டில் துணிந்து செய்யலாம். எஞ்சின் ஹெட், பிளாக் போன்ற அலுமினியத்தில், அதுவும் எக்ஸாஸ்ட் ஸ்டட்டில், எஃகு கடினமாகவும் சுற்றியுள்ளது மெத்தென்றும் இருப்பதால் பிட் ஓரத்துக்கு ஓடும். அதை மிஷின் ஷாப்பிடம் விடுங்கள். கொண்டுபோகும்போது நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்: "அண்ணே, தலை முறிஞ்சிருச்சு, 3 மி.மீ. ஓட்டை போட்டேன், எக்ஸ்ட்ராக்டர் போடல." அந்த ஒரு வரியில் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பிரேக் பிளீடர் நிப்பிள் (பிரேக் எண்ணெயிலுள்ள காற்றை வெளியேற்றும் சிறு திருகு) முறிந்தால் நேரம் செலவழிக்காமல் காலிப்பரையோ வீல் சிலிண்டரையோ மாற்றுங்கள். நடுவில் துளை உள்ள மெல்லிய துண்டு அது. பிரேக்கில் அரைகுறை வேலைக்கு இடமில்லை.

அறிகுறி 7: போல்ட்டெல்லாம் வந்துவிட்டது, பாகம் வரவில்லை

டிரம், டிஸ்க் ஹப்போடு ஒட்டியிருந்தால் ஹேண்ட்பிரேக் விட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு முகத்தில் மரை வெட்டிய இரண்டு சிறு துளைகளைத் தேடுங்கள். பெரும்பாலும் எம்8 × 1.25. இரண்டு போல்ட்டை மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் விளிம்பு உடையும்.

மறுபடி பூட்டும்போது

துருப்பிடித்ததை மறுபடி போடாதீர்கள். தலையில் 10.9 இருந்த இடத்தில் ஹார்டுவேர் கடையின் 8.8-ஐயோ ஸ்டெயின்லெஸ் போல்ட்டையோ போடக் கூடாது. சஸ்பென்ஷனுக்கும் பிரேக்குக்கும் கார் பாகக் கடையிலேயே வாங்குங்கள். எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன் போல்ட்டுகளின் மரையில் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) மெலிதாகத் தடவுங்கள். வழவழப்பால் அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) இன்னும் அதிகமாக இறுகும் என்பதால், கையேட்டு அளவை அந்த ஆன்டி-சீஸின் குறிப்புப்படி குறைக்க வேண்டும். சக்கர ஸ்டட்டில் எதுவும் தடவாமல், துடைத்து, டார்க் ஸ்பானரால் நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, டயர் ஆறியிருக்கும்போது, அதே ஸ்பானரை ஒவ்வொரு நட்டிலும் இன்னொரு முறை வைத்துப் பாருங்கள்.